பிரேக் அக்காவின் இடது கன்னம்

தொண்ணூறு நாள். தோல் மருத்துவர் பிரேக் அக்காவுக்குக் கொடுத்த கெடு அவ்வளவுதான். இடது கன்னத்தில் இருக்கும் தடிப்பு அதற்குள் பரவாமல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அவர் காரை விட்டு இறங்கி, அலுவலக நாற்காலிக்குப் போய்விட வேண்டும்.

பிரேக் அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. பதினான்கு வருடமாக ஒரே பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறார். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக் இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இன்னொன்று இருக்கும். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் வலது காலை வைத்துக்கொண்டே அவர் சிரிப்பார், திட்டுவார், தண்ணீர் குடிப்பார். எந்த மாணவர் முதலில் பிரேக் அக்கா என்று கூப்பிட்டாரோ தெரியாது. இப்போது முதலாளிகூட அவரை வேறு பெயரில் கூப்பிடுவதில்லை.

தடிப்பு முதலில் ஒரு பொட்டு அளவுக்குத்தான் இருந்தது. சிவந்தது, செதில் விட்டது, ஆறியது. ஆறிய இடத்தில் வடு விழுந்தது. பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பியது. மூன்றாவது வந்தபோதுதான் அக்கா மருத்துவரிடம் போனார்.

"வெயில்ல ரொம்ப நேரம் நிப்பீங்களாம்மா?" என்று மருத்துவர் கேட்டார்.

"இல்லீங்க டாக்டர். நாள் பூரா காருக்குள்ளதான்."

"கார்ல எந்தப் பக்கம் உக்காருவீங்க?"

"இடது பக்கம். ஜன்னலை ஒட்டி. கண்ணாடி ஏத்தித்தான் இருக்கும்."

மருத்துவர் மேசையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து நீட்டினார். "ரெண்டு கன்னத்தையும் மாத்தி மாத்திப் பாருங்க."

அக்கா பார்த்தார். கண்ணாடி பார்ப்பது அவருக்குத் தொழில். ஆனால் பதினான்கு வருடமாக அவர் பார்த்ததெல்லாம் பின்னால் வரும் வண்டிகளைத்தான். வலது கன்னம் அவருடைய வயதில் இருந்தது. இடது கன்னம் அதற்கு அக்கா மாதிரி இருந்தது. கறுத்து, சுருங்கி, கண்ணோரத்தில் கூடுதலாக நாலு கோடு.

வெயிலில் இரண்டு விதமான கதிர் இருக்கிறது என்றார் மருத்துவர். ஒன்று தோலைச் சுடும். இன்னொன்று சுடாமலே உள்ளே இறங்கும். ஜன்னல் கண்ணாடி முதலாவதைத் தடுத்துவிடும், இரண்டாவதைப் பெரும்பாலும் விட்டுவிடும். "சுடலைங்கறதால வெயில் படலைன்னு நினைச்சுட்டீங்க. உங்க தோலுக்கு வந்திருக்கற நோய்க்கு வெயில்தான் எதிரி. மருந்து நான் தர்றேன். வெயிலை நீங்கதான் தடுக்கணும்."

ராத்திரிக்கு ஒரு களிம்பு எழுதினார். பகலுக்கு, "சன்ஸ்கிரீன், பிராட் ஸ்பெக்ட்ரம், அம்பது நம்பர். தாராளமாப் பூசுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூசுங்க" என்றார். வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அக்கா எழுந்து வந்தபோது மனதில் நின்றது ஒரு எண் மட்டும்தான். தாராளம் என்ற சொல் அந்த அறையிலேயே தங்கிவிட்டது.

விஷயத்தைக் கேட்ட முதலாளி வருத்தப்பட்டார். அவர் கெட்டவர் இல்லை. "எதுக்கு அக்கா இந்த அவஸ்தை? வரவேற்பு மேசை ரெண்டு மாசமாக் காலியாத்தானே கிடக்கு. ஃபேனுக்கு அடியில ராணி மாதிரி உக்காருங்க."

"ராணிக்கு என்ன வேலை?"

"ஃபோன் எடுக்கறது. ஃபார்ம் குடுக்கறது."

"அதுக்கு எதுக்குங்க ராணி?" என்றார் அக்கா.

அவருக்கு அந்த ஜன்னலோர சீட்டுதான் வேண்டும். கியர் குச்சியைக் குனிந்து பார்க்காமல் ஒரு ஆள் முதல் தடவையாக இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது, அந்த ஆளின் முகத்தில் ஒன்று நடக்கும். முன்னால் வருகிறவர்களுக்கு அது தெரியாது. பக்கத்து சீட்டிலிருந்து மட்டும்தான் தெரியும். அதை ஆயிரம் தடவைக்கு மேல் பார்த்தாயிற்று. இன்னும் சலிக்கவில்லை.

மருந்துக்கடைக்கு அவர் அன்று மாலையே போனார். கடையில் இருந்த பெண் அவருடைய முகத்தைப் பார்த்தாள், கேட்டதைப் பாதிதான் கேட்டாள், மூன்று டப்பாவை எடுத்து வைத்தாள். "இது நல்லாப் போகுதுங்க அக்கா. ரெண்டே வாரத்துல கலர் ஏறும்."

"எனக்குக் கலர் ஏற வேண்டாம்மா. இருக்கற கலர் இருக்கற இடத்துல இருந்தாப் போதும்."

அந்தச் சிவப்பழகு கிரீம் வரிசைக்கு முன்னால் நிற்கவே கூடாது என்று அவர் பதினாறு வயதில் முடிவெடுத்திருந்தார். பெண் பார்க்க வந்தவர்களும், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களும், சொந்த மாமியும், நிறத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் காதில் இருந்தது. முப்பது வருடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டு இப்போது இங்கே நிற்பது அவருக்கு உறுத்தியது. வெயிலைத் தடுக்கும் டியூப்கள் அதே தட்டின் கீழ்வரிசையில், அதே பளபளப்பு அட்டையில் இருந்தன. குனிந்து, இருப்பதிலேயே பெரிய எண்ணை எடுத்தார். நூறு. ஐம்பது கேட்டால் நூறு கொடுப்பது கூடுதல் மார்க் வாங்குகிற மாதிரிதானே?

அடுத்த நாள் காலை எட்டு மணி வகுப்பு தையல்காரம்மாவுடையது. முப்பது வருடம் மோட்டார் தையல் மிஷின் மிதித்த கால் அவருக்கு. ஆக்சிலேட்டரையும் அப்படித்தான் மிதிப்பார். நேர்சாலை வந்தால் நீளத் தையல் போடுகிற மாதிரி ஒரே அழுத்து. திருப்பம் வந்தால் விட்டு விட்டுக் குத்துவார்.

"டைலரம்மா, இது துணி இல்ல, ரோடு. மெல்ல."

"நூல் அறுந்தா நிறுத்திடுவேன் அக்கா."

"இங்க அறுந்தா நூல் இல்லீங்க, நம்ம உயிரு."

வெயில் ஏறியது. அக்காவின் நெற்றி வேர்த்தது. வேர்வையோடு காலையில் பூசிய சன்ஸ்கிரீனும் கரைந்து இடது கண்ணுக்குள் இறங்கியது, பிறகு வலது கண்ணுக்குள். வெங்காயம் தோற்றுப்போகும் எரிச்சல். இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார். ஒரு நொடிதான் இருக்கும். அந்த நொடியில் சந்திலிருந்து ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது.

கார் குலுங்கி நின்றது. அக்காவின் கால் மிதித்தபோது வண்டி ஏற்கெனவே நின்றிருந்தது. மிதித்தது தையல்காரம்மா. சைக்கிள்காரர் ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார்.

தையல்காரம்மா கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். பிறகு முன்னால் பார்த்தபடியே சொன்னார். "இன்னிக்கு உங்க பிரேக் லேட்டு, அக்கா."

"ஆமா," என்றார் அக்கா. "என் தப்பு. கண்ணுல மருந்து இறங்கிடுச்சு. நீங்க மிதிச்சது சரியா இருந்துச்சு."

அன்று மாலை முதலாளியிடமும் அதை அப்படியே சொன்னார். முதலாளி வரவேற்பு மேசையை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையே கனமாக இருந்தது.

நூறு குப்பைக்குப் போயிற்று. அடுத்து வாங்கியது குழந்தைகளுக்கானது. கண் எரியாது என்று அட்டையில் எழுதியிருந்தது, எரியவும் இல்லை. ஆனால் பூசினால் முகம் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆனது.

"மாவு மில்லுல இருந்து நேரா வர்றீங்களா அக்கா?" என்றார் தையல்காரம்மா.

முதலாளிக்குச் சிரிப்பு வந்தாலும் கேட்டது வேறு. "இந்த வயசுல எதுக்கு அக்கா இந்த மினுக்கு?"

அந்த ஒரு வார்த்தைக்கு அக்கா அந்த டியூபையும் விட்டார். மூன்றாவதாக ஒரு ஜெல் வாங்கினார். ஐம்பது நம்பர், பிராட் ஸ்பெக்ட்ரம். கண் எரியவில்லை, வெளுக்கவில்லை, பூசியதே தெரியவில்லை. காலையில் ஒரு பட்டாணி அளவு, மத்தியானம் ஒரு பட்டாணி அளவு. ஒரு மாதம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. கைக்கு எட்டட்டும் என்று காரின் டேஷ்போர்டு மேலேயே டியூபை வைத்திருந்தார்.

நாற்பத்தைந்தாவது நாள் மருத்துவர் சின்ன அளவுகோலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். தடிப்பு நகக்கண் அகலத்துக்குப் பரவியிருந்தது. "சன்ஸ்கிரீன் போடறீங்கதானே?" என்று கேட்டார். "தினமும் போடறேன் டாக்டர்" என்று அக்கா சொன்னார். சொன்னது பொய்யில்லை. அதனால்தான் வலித்தது.

வீட்டுக்கு வந்து டியூபை மேசை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கணவர் பின்பக்கக் குழாயில் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். வேலைக்கு ஆள் கூட்டிப்போகிற பெரிய காண்ட்ராக்டர் இல்லை. ஏணியும் இரண்டு ரோலரும்தான் கம்பெனி. மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து டியூபைத் தூக்கிப் பார்த்தார்.

"இது எப்ப வாங்கினது?"

"ஒரு மாசம் ஆச்சுங்க."

"இன்னும் முக்கால்வாசி இருக்கே!"

"சிக்கனமாத்தான் பூசறேன். விக்கற விலைக்கு வேற எப்படி?"

அவர் எதிரே உட்கார்ந்தார். "ஏம்மா, பத்து லிட்டர் குடிக்கற சுவருக்கு ரெண்டு லிட்டர்ல தண்ணி ஊத்தி அடிச்சுட்டு ஒருத்தன் போறான்னு வெச்சுக்க. அவனை நீ என்ன சொல்லுவ?"

"ஏமாத்துக்காரன்னு சொல்லுவேன்."

"டப்பா மேல ஏழு வருஷம் தாங்கும்னு போட்டிருப்பான். எத்தனை கனமா அடிச்சா ஏழு வருஷம்னு பின்பக்கம் பொடி எழுத்துல போட்டிருப்பான். அதை எவனும் படிக்க மாட்டான். மழை வந்து உரிஞ்சதும் பெயிண்ட்டுக்காரனைத் தேடுவான்." சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அட்டைப் பெட்டிக்குள் மடித்திருந்த காகிதத்தைப் பிரித்தார். உதடு அசைய அசையப் படித்தார். "இதோ பாரு. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ரெண்டு விரல் நீளத்துக்குக் கோடு கோடாப் பிதுக்கி எடுக்கணுமாம். நீ எவ்வளவு எடுக்கற?"

அக்கா சுண்டுவிரல் நுனியைக் காட்டினார்.

"அம்பது நம்பருங்கறது ரெண்டு விரல் கணக்குக்கும்மா. பட்டாணிக்கு எத்தனை நம்பர்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்." அளவைக் காட்டுவதற்காக டியூபைத் தன் விரல் மேல் பிதுக்கினார். முதலில் தண்ணீர் மாதிரி ஒன்று ஒழுகியது, பிறகு திரி திரியாகக் கட்டி விழுந்தது. அவர் முகர்ந்து பார்த்தார். திறந்தபடி வெயிலில் விட்ட டப்பாவை அடையாளம் காண அவருக்கு இரண்டாவது தடவை பார்க்க வேண்டியதில்லை. "இது பிரிஞ்சு போச்சு. இதை எங்க வெச்சிருந்த?"

"டேஷ்போர்டு மேல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டேஷ்போர்டு மேல் எதையும் வைக்காதே, உருகும், வெடிக்கும், கண்ணில் அடிக்கும் என்று முதல் நாள் வகுப்பில் முதல் பாடமாகச் சொல்லுகிறவர் அக்கா. மாணவர்களின் கைபேசியை, மூக்குக் கண்ணாடியை, சாக்லேட்டைக்கூட எடுத்துப் பின்சீட்டில் போடுகிறவர்.

"வெயிலைத் தடுக்கற சாமானை வெயில்லயே காயப் போட்டிருக்க" என்றார் கணவர். கேலியாக ஆரம்பித்தவர், பாதியிலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அக்கா வெகுநேரம் அந்தத் தண்ணீரையும் கட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தார். மாணவர்களிடம் அவர் அடிக்கடி சொல்லும் ஒன்று உண்டு. மிதிக்காத பிரேக்கைவிட அரைகுறையாக மிதித்த பிரேக்தான் ஆபத்து. மிதிக்காதவருக்கு வண்டி நிற்காது என்று தெரியும். அரைகுறையாக மிதித்தவர் நின்றுவிடும் என்று நம்பிக்கொண்டே போய் மோதுவார். ஒரு மாதமாக அவர் நம்பிக்கொண்டே போயிருக்கிறார். பூசாமல் இருந்திருந்தால் ஒரு துணியாவது சுற்றியிருப்பார், சீட்டையாவது கொஞ்சம் தள்ளிப் போட்டிருப்பார்.

"இன்னும் நாப்பத்தஞ்சு நாள் இருக்கு," என்றார் கணவர். "பழைய பெயிண்ட்டைச் சுரண்டிட்டு முதல்லேருந்து அடிப்போம்."

சனிக்கிழமை பகலில் இருவரும் மருந்துக்கடைக்குப் போனார்கள். பகலில்தான் போக வேண்டும் என்று கணவர் பிடிவாதம் பிடித்தார். கடைப்பெண் இந்த முறை முழுதாகக் கேட்டாள். கண்ணில் இறங்கினால் எரியக்கூடாது, சுவர் மாதிரி வெளுக்கக்கூடாது, கண்ணாடியைத் தாண்டி வரும் கதிரைத் தடுக்க வேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டு, மேல்தட்டிலிருந்து மூன்று டியூப் எடுத்தாள். ஜிங்க் ஆக்சைடு சேர்த்தது, அதனால் எரிச்சல் குறைவு. தோல் நிறத்துக்குச் சாயம் கலந்தது, அதனால் வெளுக்காது. மூன்றும் மூன்று நிறம்.

கணவர் அட்டையைத் திருப்பி, சேர்மானத்தை எழுத்துக் கூட்டினார். "அயர்ன் ஆக்சைடு... ஏம்மா, இது இரும்புக் கேட்டுக்கு அடிக்கற ரெட் ஆக்சைடுதானே! இதையா என் பொண்டாட்டி முகத்துல பூசச் சொல்ற?"

கடைப்பெண் சிரித்தாள். "அதேதான் அண்ணா, ஆனா முகத்துக்குன்னு சுத்தம் பண்ணது. நிறத்துக்காகத்தான் போடறாங்க. கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தையும் அது கொஞ்சம் தடுக்கும்."

"கேட்டு துருப்பிடிக்காம நிக்குதுல்ல, சரி" என்று அவர் சமாதானமானார்.

மூன்று நிறத்திலும் சொட்டு வாங்கி அக்காவின் தாடையோரத்தில் வரிசையாகத் தடவி, மனைவியைக் கடைக்கு வெளியே நடைபாதையில் நிறுத்தினார். டியூப் லைட்டில் பார்த்துத் தேர்ந்தெடுத்த நிறம் வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும், ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சீக்கிரம் சொல்லுங்க. மானம் போகுது."

"காயட்டும். அவசரப்பட்டா திட்டுத் திட்டாத் தெரியும்." ஐந்து நிமிடம் கழித்து நடுவில் இருந்ததைக் காட்டினார். "ரெண்டாவது. சுவரு எது, பெயிண்ட்டு எதுன்னு தெரியல."

இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் மனைவியின் நிறத்தைப் பற்றிச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். அக்கா அதைக் குறித்துக்கொண்டார்.

"உங்களுக்கும் ஒண்ணு வாங்கிடலாங்க. ஏணி மேல நாள் பூரா கழுத்துல வெயிலடிக்குது."

"எனக்கு எதுக்கு? நான் பொறக்கும்போதே ரெண்டு கோட்டு அடிச்சு வந்தவன்."

"கறுப்புத் தோலுக்கும் வேணும் அண்ணா" என்றாள் கடைப்பெண். அவர் காது கேட்காதவர் மாதிரி கதவைப் பார்த்து நடந்தார்.

அதன் பிறகு காலை ஆறரை மணிக்கு அக்கா இரண்டு விரலில் இரண்டு கோடு போட்டார். காது மடலும் தாடைக்கு அடியும் உட்பட முதல் பூச்சு. முதல் வகுப்புக்குக் கால் மணி நேரம் முன்பே பூசி முடித்துவிடுவார். வகுப்பு ஒரு மணி நேரம் என்பதால் கணக்கு சுலபமாக இருந்தது, இரண்டு மாணவருக்கு ஒரு பூச்சு. டியூப் சாப்பாட்டுப் பையில் தண்ணீர்ப் பாட்டிலை ஒட்டி உட்கார்ந்தது. இடது கையை மறைக்க முழுக்கைச் சட்டை. டியூப் இரண்டு வாரத்தில் தீர்ந்தது. முன்பு பயமாக இருந்த அந்த வேகம் இப்போது சரியாகப் போகிறது என்பதற்கு அடையாளமாக இருந்தது.

காரை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் பூசிக்கொள்ளும்போது மாணவர்கள் காத்திருந்தார்கள். முதலாளி ஒரு நாள் ஜன்னலில் குனிந்து, "டச்சப்பா அக்கா?" என்றார்.

"பிரேக் ஆயில் ஊத்தறேன்" என்றார் அக்கா. முதலாளி அதற்குப் பிறகு மினுக்கு என்ற வார்த்தையை எடுக்கவில்லை.

எழுபதாவது நாளில் தையல்காரம்மா ஓட்டுநர் தேர்வில் தேறினார். துணி சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். பயிற்சிக் காரின் இடது ஜன்னலுக்கு அளவெடுத்துத் தைத்த அடர்த்தியான திரை. பக்கக் கண்ணாடி தெரிய வேண்டும் என்பதற்காக முன்மூலையை வளைத்து வெட்டியிருந்தார். "அன்னிக்கு உங்க பிரேக் லேட்டானது நல்லதுதான் அக்கா. எனக்கும் பிரேக் இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

திரை அழகாக இருந்தது. ஆனால் பக்கத்துச் சாலை பாதி மறைந்தது. அக்கா அதை வண்டி ஓடும்போது மாட்டவில்லை. மத்தியானம் வண்டியை நிறுத்திச் சாப்பிடும்போது மட்டும் மாட்டிக்கொண்டார்.

தொண்ணூறாவது நாள் மருத்துவர் அளவுகோலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அக்கா மூச்சை இழுத்துப் பிடித்திருந்தார். பதினான்கு வருடமாக அடுத்தவர்களின் தேர்வுக்குத்தான் அவர் அப்படி உட்கார்ந்திருக்கிறார்.

"நின்னுடுச்சு," என்றார் மருத்துவர். "ஓரத்துல சிவப்பு இல்ல. புதுசா எதுவும் கிளம்பல. என்ன மாத்தினீங்க?"

"பொடி எழுத்தைப் படிச்சோம் டாக்டர்."

"பழைய வடு முழுசாப் போகாதும்மா. அதை இப்பவே சொல்லிடறேன்."

"இருக்கட்டுங்க."

"வேலையை விடச் சொல்லல. ஆனா இது முடிஞ்சு போச்சுன்னும் சொல்லல. பூசறதை ஒரு நாளும் விடக்கூடாது. மூணு மாசம் கழிச்சு வாங்க."

அக்கா பள்ளிக்குத் திரும்பி, புதிய தேதியை முதலாளியின் நாள்காட்டியில் தானே வட்டமிட்டார். முதலாளி வரவேற்பு மேசைக்கு வேறு ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்துவிட்டார். அந்தப் பெண்ணுக்குக் கார் ஓட்டத் தெரியாது. செவ்வாய்க்கிழமையிலிருந்து காலை ஏழு மணி வகுப்பு அவளுக்கு.